தரை உறுதி, இருவர் நிற்கலாம்

ஆர்ஜியா பம்பலோனி காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்பே மேற்குச் சுவரைப் போய்ப் பார்ப்பாள்.

அந்தச் சுவரில் தரையிலிருந்து சன்னல்வரை ஒரு விரிசல் ஓடியது. அதற்குக் குறுக்கே ஒரு விரல் நீளக் கண்ணாடித் துண்டைக் காரை வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதியிருந்தார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாதவரை வேலை பார்க்கலாம். ஊரின் மேற்கே சான் ஜூஸ்தோ பக்கத்து வீடுகளில் படுக்கையறையில்கூட இப்படி ஒரு கண்ணாடி இருக்கும். ஆர்ஜியா பிறந்த வீட்டிலும் இருந்தது. அது ஒட்டியிருந்த சுவர் இப்போது இல்லை. வீடும் இல்லை.

வொல்தெர்ரா இத்தாலியில் ஒரு மலையின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஊர். அதன் மேற்குப் பக்கத்தில் மட்டும் மலை பாதியில் நின்றுவிடுகிறது. மேலே மணற்கல், அடியில் களிமண். மழை களிமண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். மேலே இருப்பது கொஞ்ச காலம் சும்மா நிற்கும், பிறகு விழும். ஒரு தேவாலயம் அப்படி விழுந்தது. ஒரு மடம் பாதியாக நிற்கிறது. ஊர்க்காரர்கள் அந்த இடத்தை விளிம்பு என்பார்கள். அதைப் பற்றிப் பேச்சு வந்தால், கெட்டது அண்டாமலிருக்க, கைக்கெட்டிய இரும்பு எதுவானாலும், சாவியோ கதவுத் தாழோ, தொட்டுக்கொள்வார்கள்.

ஆர்ஜியாவின் அப்பா அலபாஸ்டர் என்னும் வெள்ளைக் கல் செதுக்குகிறவர். அந்தத் தொழிலில் எல்லாருக்கும் வருவதுபோல நெஞ்சில் வெள்ளைத் தூள் நிறைந்து போய்ச் சேர்ந்தார். மகளுக்கு அவர் விட்டுப்போனது அழகான கையெழுத்து. கிண்ணங்களின் அடியில் பெயர் பொறிக்க அவர்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தக் கையெழுத்துக்காகத்தான் அகராதி நிலையத்தில் இருபத்திரண்டு வயதில் அவளை எடுத்தார்கள். ஊரின் ஓரத்தில், கன்னிமாடமாக இருந்து கைவிடப்பட்ட ஒரு கட்டடத்தில், எத்ருஸ்க மொழிக்கு அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஆண்டில் முடியும் என்று சொல்லித் தொடங்கிய வேலை. அவள் சேர்ந்தபோதே அது பத்தாண்டைத் தாண்டியிருந்தது.

அந்த மொழியை எவரும் பேசி இரண்டாயிரம் ஆண்டாகிறது. எழுத்துகளை வாசித்துவிடலாம், பொருள்தான் தெரியாது. அந்த மக்கள் விட்டுப்போனதில் பெரும்பகுதி கல்லறையில் எழுதியவை. இன்னாரின் மகன், இன்னாரின் மனைவி, இத்தனை வயது, இறந்தான். இந்த நாலைந்து சொற்களைத் தாண்டினால் காலடியில் தரை இளகத் தொடங்கும். ஒரு சொல்லின் பொருளை இன்னொரு சொல்லின்மேல் சாய்த்து ஊகிப்பார்கள். அந்த இன்னொன்று மூன்றாவது ஒன்றின்மேல் சாய்ந்திருக்கும்.

நிலையத்தைத் தொடங்கியவர் இதற்காகவே ஒரு விதி வைத்திருந்தார். கண்ணால் பார்க்காத சொல் அகராதிக்குள் வரக்கூடாது. முந்நூறு ஆண்டுகளாகப் பாதிரிகளும் பிரபுக்களும் ஒருவர் படியெடுத்ததை மற்றவர் படியெடுத்து, எந்த எத்ருஸ்கனும் பேசியிராத சொற்களைப் பெற்றுப் பெருக்கி வைத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சீட்டு. நிலையத்து ஆள் ஒருவர் கல்லருகே போய், எழுத்தைத் தன் கண்ணால் பார்த்து, கையெழுத்திட்டுத் தேதி போட்டால், சீட்டின் வலது மூலையில் சிவப்புப் புள்ளி வைக்கப்படும். புள்ளி இருந்தால் சொல் உள்ளே. இல்லையென்றால் வெளியே. சீட்டின் அடியில் அச்சடித்த கேள்விகளும் இருந்தன: எழுத்தின் நிலை, போகும் வழி, தரை, எத்தனை பேர் நிற்கலாம். அடுத்துப் போகிறவனுக்காக அவை.

புள்ளிகளின் காவல் ஆர்ஜியாவுடையது. ஒரு கேள்வி காலியாக இருந்தாலும் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவாள், இயக்குநருடையதாக இருந்தாலும் சரி. வால்நட் மரத்தில் செய்த நூற்று நாற்பது இழுப்பறைகள், ஒன்பதாயிரம் சீட்டுகள். இரும்புச் சாவிக்கொத்து அவள் இடுப்பில் தொங்கும்.

ஒரே ஒரு கல்லில் ஒரே ஒரு முறை மட்டும் வரும் சொற்களை அலுவலகத்தில் முதிர்கன்னிகள் என்பார்கள். அவற்றுக்குத் துணை கிடையாது. அந்த ஒரு கல்லை விட்டால் அந்தச் சொல் இருந்ததற்கு வேறு சாட்சி இல்லை. கணவனை இழந்து தட்டச்சு வேலைக்கு வந்த லியோனில்டே இதை வைத்து ஆர்ஜியாவைச் சீண்டாத வாரம் இல்லை.

"ஏன்டி ஆர்ஜியா, நம்ம வீட்டு முதிர்கன்னிங்க இப்போ எத்தனை பேரு?"

"முந்நூத்தி நாப்பது."

"உன்னையும் சேர்த்தா?"

"என்னைச் சேர்த்தா ஒண்ணு கூடும். நான் சீட்டு இல்லாத கேஸ். எவனும் இதுவரைக்கும் கிட்ட வந்து பார்த்துப் புள்ளி வைக்கல."

சிரிப்பார்கள். ஆர்ஜியாவும் சிரிப்பாள். அந்த முந்நூற்று நாற்பதில் ஒன்றைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் அவள் எழுந்து இழுப்பறைகளின் பக்கம் போய்விடுவாள். அதை யாரும் கவனித்ததில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தோராம் ஆண்டு மார்ச் மாதத்து விஷயம். விளிம்பை ஒட்டிய சரிவில் ஒரு கல்லறை. அதன் வாசல்மேல் ஒரு வரி எழுத்து இருப்பதாக எழுபத்தெட்டு ஆண்டுக்கு முன் ஒரு பாதிரி படியெடுத்து வைத்திருந்தார். அந்த வரியில் ஒரு முதிர்கன்னி. கூட வரவேண்டியவருக்கு உடம்பு சரியில்லை. ஆர்ஜியா தனியாகப் போனாள். கொண்டுபோய் விட்ட வண்டிக்காரர் ஒரு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

ஓக் மரத்தடியில் ஒரு துளை. பாறையில் வெட்டிய ஒன்பது படிகள் இறங்குவதாகப் பாதிரி எழுதியிருந்தார். மூன்றாவது படியில் அவளுக்கு அந்த ஓசை கேட்டது. செஸ்நட் மாவை யாரோ ஓய்வில்லாமல் சலிப்பதுபோல, மெல்லிய ஓசை. எட்டு வயதில், சான் ஜூஸ்தோ வீட்டில், படுக்கையின் தலைமாட்டுச் சுவருக்குள்ளிருந்து மூன்று நாள் அதைக் கேட்டிருந்தாள். நாலாம் நாள் சுவர் போனது.

கால் மணி நேரம் மூன்றாம் படியிலேயே நின்றாள். நாலாம் படிக்குக் கால் போகவில்லை. மேலே ஏறி வந்தாள். வண்டிக்காரர் இன்னும் வரவில்லை. பாவாடையின் முழங்கால் பகுதியைப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. குனிந்து, ஈரக் களிமண்ணை அள்ளி இரண்டு முழங்காலிலும் பூசிக்கொண்டாள். பிறகு முழங்கைகளிலும்.

பொய் அங்கேயே முடிந்துவிட்டது. மறுநாள் சீட்டில் எழுதியது அதன் நகல்தான். பாதிரியின் படியைப் பார்த்து எழுத்தை எழுதினாள். கையெழுத்து, தேதி. அடியிலிருந்த கேள்விகளைக் காலியாக விட்டால் சீட்டு திரும்பி வரும். திருப்பி அனுப்ப வேண்டியவள் அவளே. ஆகவே நிரப்பினாள். எழுத்து தெளிவு. ஒன்பது படி. தரை உறுதி. இருவர் நிற்கலாம். மற்ற சீட்டுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. மூலையில் சிவப்புப் புள்ளி வைத்தாள்.

பதினேழு ஆண்டுகள் எவரும் எதுவும் கேட்கவில்லை. வேறெந்தச் சீட்டிலும் அவள் பொய் எழுதவில்லை. அந்த மார்ச்சுக்குப் பிறகு மற்றவர்களிடம் இன்னும் கண்டிப்பானாள். ஆர்ஜியா கையெழுத்து இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று பெயர் வந்தது.

அந்தச் சொல்லை இங்கே எழுதுவது முறையாகாது. இயக்குநர் ரனியேரி கால்வெத்தி அதன்மேல் பதினோரு பக்கம் எழுதியிருந்தார் என்று மட்டும் சொல்லலாம். ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னும் ஒரு குழந்தையின் வயதுக்கு முன்னும் அது வருவதால், பால் கொடுத்து வளர்த்தவள் என்று பொருளாகலாம் என்பது அவர் ஊகம். உறவும் பதவியும் மட்டுமே எழுதிவைத்த அந்த மக்கள், தம் வீட்டில் வேலை செய்த ஒருத்தியைக் கல்லில் நினைத்துக்கொண்ட ஒரே இடம் அதுவாக இருக்கும். கால்வெத்தி எதையும் லேசில் பாராட்டாதவர். அந்தச் சொல்லைப் பற்றிப் பேசும்போது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அறுபத்தெட்டு நவம்பரில் ஒன்பது நாள் மழை விடாமல் பெய்தது. பத்தாம் நாள், திங்கட்கிழமை காலை, ஆர்ஜியா மேற்குச் சுவர் அருகே போனபோது கண்ணாடி உடைந்திருந்தது. விழவில்லை. நடுவில் ஒரு கோடு மட்டும், தலைமுடி கனத்தில்.

பொறியாளர் வந்து பார்த்தார். உடைந்ததன் மேலே புதுக் கண்ணாடி ஒட்டித் தேதி எழுதினார். "வசந்தத்துக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றார். "கட்டடம் அவசரப்படல. ஆனா அது மனசு மாத்திக்கப் போறதும் இல்ல."

அன்று மாலையே கால்வெத்தி எல்லாரையும் கூப்பிட்டார். மொத்தம் ஏழு பேர். கட்டடம் அசைந்தால் விளிம்பிலுள்ள கல்லறைகள் அதற்கு முன்பே அசைந்திருக்கும். குளிர்காலம் முற்றுவதற்குள் அங்கிருக்கும் முதிர்கன்னிகளை ஈரத்தாளில் அச்செடுத்துவிட வேண்டும். நனைத்த கனத்த தாளை எழுத்தின்மேல் வைத்துத் தூரிகையால் அடித்து, காய்ந்ததும் உரித்தால், கல் போனாலும் அதன் முகம் தாளில் நிற்கும். அந்த வேலையில் ஃபோஸ்கோ பெத்தரீனிக்கு நிகர் இல்லை. நூற்றுப் பத்து கிலோ எடை, குழந்தை முகம், கையில் மட்டும் பூனையின் மென்மை.

"மூணு சீட்டு இருக்கு" என்றார் கால்வெத்தி. "ஃபோஸ்கோ, படிங்க."

ஃபோஸ்கோ வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். "முதல் சீட்டு. கூரை தொங்குது, உள்ள போகாதீங்க. வேணாம். ரெண்டாவது. தரையில பிளவு, ஒல்லியான ஆள் ஒருத்தர் மட்டும். நம்மளைப் பத்திப் பேசல." சிரித்தார்கள். மூன்றாவதை எடுத்ததும் அவன் முகம் மலர்ந்தது. "ஆ, இது நம்ம சிஞோரினா ஆர்ஜியா எழுதினது. தரை உறுதி, இருவர் நிற்கலாம். பாருங்க, என் அளவெடுத்தே எழுதியிருக்காங்க. நான் ஒருத்தனே ரெண்டு பேரு."

லியோனில்டே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கால்வெத்திகூட உதட்டை இழுத்தார். "மழை விட்டா வியாழக்கிழமை போங்க" என்றார்.

ஆர்ஜியாவின் கை இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடித்திருந்தது. இரும்பு சில்லென்று இருந்தது.

செவ்வாய் மதியம் ஃபோஸ்கோ தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனாள்.

"மழை நல்லா விட்டதும் போகலாமே, ஃபோஸ்கோ. என்ன அவசரம்?"

"அவசரம் எனக்கில்ல சிஞோரினா, அந்த மலைக்கு."

"பதினேழு வருஷம் ஆச்சு. அப்போ உறுதின்னா இப்போவும் உறுதியா இருக்கணும்னு இல்ல."

"அது சரிதான். ஆனா மத்த ரெண்டும் அப்பவே ஆடிக்கிட்டிருந்தது, இது அப்ப உறுதி. எது தாங்கும்? என் பொண்டாட்டிகூட நேத்து ராத்திரி இதையேதான் கேட்டா. ஆர்ஜியா எழுதினது, கண்ணை மூடிக்கிட்டு இறங்கலாம்னு சொன்னேன். உடனே தூங்கிட்டா." தூரிகையை உதறினான். "என்ன, முகம் வெளுத்திருக்கு? சாப்பிட்டீங்களா இல்லையா?"

சாப்பிட்டதாகச் சொன்னாள். அதுவும் பொய்தான், சின்னது.

புதன் விடிந்ததும் அலுவலகத்துக்குப் போகாமல் சரிவுக்குப் போனாள். மழை நின்றிருந்தது. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. ஓக் மரம் அதே இடத்தில் நின்றது, ஆனால் சாய்ந்து. வேரின் ஒரு பக்கம் வெளியே தெரிந்தது. துளைக்குள் டார்ச் அடித்தாள். ஒரு படி, இரண்டு, மூன்று. மூன்றாம் படியில் நின்றாள். இந்தத் தடவை எந்த ஓசையும் இல்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

டார்ச்சை அணைத்தாள். அணைத்த பிறகும் கீழே வெளிச்சம் இருந்தது.

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. கல்லறைக்குள்ளிருந்து, ஆறாம் படிக்கு அப்பால் நின்ற தாழ்ந்த வாசலின் வழியாக, பால் நிறத்தில் பகல் வந்துகொண்டிருந்தது. வாசலின் தலைப்பக்கத்தை வேர்கள் மறைத்திருந்தன. உள்ளறைக்குப் பின்சுவர் இல்லை. தரை இல்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தது மூடுபனி. ஒரு பறவை அதில் குறுக்கே பறந்து போனது.

ஒரு மணி நேரம் கழித்து, களிமண் ஒட்டிய முழங்காலோடு இயக்குநரின் அறையில் நின்றாள். இந்தத் தடவை அது நிஜமாகவே ஒட்டியிருந்தது. ஃபோஸ்கோ அங்கே வரைபடத்தை விரித்து வைத்திருந்தான். லியோனில்டே கடிதக் கட்டோடு வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"ஃபோஸ்கோ போக வேணாம்" என்றாள். "நான் போய்ப் பார்த்துட்டு வரேன். உள்ளறை போயிடுச்சு. பின்சுவர், தரை, எல்லாம். நேரா பள்ளத்தாக்கு தெரியுது."

ஃபோஸ்கோ மேசைமேல் கிடந்த இரும்பு அளவுகோலைத் தொட்டான்.

"நல்ல காலம், நீங்க அன்னிக்கே பார்த்து வெச்சீங்க" என்றார் கால்வெத்தி. "இனிமே அந்தச் சொல்லுக்கு உங்க சீட்டு மட்டும்தான் சாட்சி. முன்னுரையில உங்க பேரைப் போட்டு எழுதணும். முப்பத்திரண்டு வருஷத்துல நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. நல்ல வேலை பண்ணியிருக்கீங்க, சிஞோரினா."

இப்படியே முடிந்திருக்கலாம். ஆள் பிழைத்தான், சொல் நின்றது, பெயரும் வந்தது. ஆர்ஜியா தலையை ஆட்டிவிட்டு வாசலை நோக்கி இரண்டடி வைத்திருந்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றான் ஃபோஸ்கோ. "வாசல் நிக்குதா?"

"நிக்குது."

"படி?"

"ஆறு வரைக்கும் தெரியுது. கீழ மூணு மண்ணு மூடியிருக்கு."

"அப்போ எழுத்து வாசலுக்கு எந்தப் பக்கம்? பாதிரி 'வாசல்மேல்'னு மட்டும்தான் எழுதியிருக்காரு. படிக்கட்டுப் பக்கம்னா எனக்குக் கயிறு கட்டுங்க, எட்டி நின்னே அடிச்சிடுவேன். உள்பக்கம்னா விட்டுடலாம். நீங்க பார்த்தவங்க, சொல்லுங்க."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். ரொம்பச் சாதாரணக் கேள்வி. பார்த்த எவரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி. உள்பக்கம் என்று சொன்னால் போதும். ஒரு சொல், அதோடு அவனும் பிழைப்பான், அவளும் பிழைப்பாள். வாயைத் திறந்தபோது, இன்னொரு சீட்டின் மூலையில் இன்னொரு புள்ளி வைக்கத் தூரிகையை நனைக்கிறோம் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"தெரியாது" என்றாள்.

"மறந்துட்டீங்களா? பரவால்ல, யோசிச்சு..."

"மறக்கல. பார்க்கல. மூணாவது படிக்குக் கீழ நான் இறங்கவே இல்ல."

கீழே தெருவில் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஃபோஸ்கோ மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான், அது முனகியது.

"அப்போ ரெண்டு பேரு நிக்கலாம்னு..."

"எல்லாச் சீட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு."

அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு, அவள் அந்தக் கட்டடத்தில் இருந்தவரை, அவன் அவளிடம் வேடிக்கையாக எதுவும் பேசியதில்லை.

கால்வெத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "இன்னும் எத்தனை?" என்றார்.

"இது ஒண்ணுதான்."

அவர் பார்வை அவளைத் தாண்டி, திறந்த கதவு வழியே, நூற்று நாற்பது இழுப்பறைகளின்மேல் ஓடியது.

"அதுக்கு யாரு சாட்சி?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் வேண்டும் என்பதுபோலக் கேட்டார். பிறகு மேசையிலிருந்து சவர பிளேடை எடுத்து, சீட்டின் மூலையிலிருந்த சிவப்புப் புள்ளியைச் சுரண்டினார். மை ஆழமாக இறங்கியிருந்தது. சுரண்டி முடித்தபோது அந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

தன் பதினோரு பக்கத்தையும் அகராதியிலிருந்து அன்றே எடுத்துவிட்டார். ஆர்ஜியாவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. சாவிக்கொத்தைக்கூடக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

திட்டியது லியோனில்டேதான். கழிவறைக்கு வெளியே மறித்துக்கொண்டு, குரலை அடக்கி, "ஏன்டி, உனக்கென்ன கிறுக்கா? உள்பக்கம்னு ஒரு வார்த்தை. யாரு போய்ப் பார்க்கப் போறா? காத்தையா போய்க் கேக்கப் போறாங்க?"

"அதான்."

"என்ன அதான்?"

"யாரும் போய்ப் பார்க்க முடியாது. அதான் சொல்ல முடியல."

லியோனில்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ இத்தனை வருஷம் எத்தனை பேர் சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்க தெரியுமா? ஒரு கட்டம் காலின்னு. ஒரு கட்டம்!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கல்லறை வியாழக்கிழமை விழவில்லை. வெள்ளிக்கிழமையும் விழவில்லை. பதினோரு நாள் ஓக் மரமும் வாசலும் ஆறு படியும் அப்படியே நின்றன. நல்ல வெயில்கூட அடித்தது. பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, சரளைக்கல் லாரி கவிழ்ந்ததுபோல ஒரு ஓசை நீளமாகக் கேட்டது. மேற்குச் சன்னல் கண்ணாடி நடுங்கியது. ஃபோஸ்கோ பென்சில் சீவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"பதினோரு நாள் டைம் கொடுத்திருக்கு" என்றான், யாரிடமும் இல்லாமல். "படிக்கட்டுப் பக்கம்தான் இருந்ததோ என்னவோ. போயிருந்தா எடுத்துட்டு வந்திருக்கலாம்."

அந்தச் சொல் ஒருவேளை இருந்திருக்கலாம். பாதிரி சரியாகவே படியெடுத்திருக்கலாம். குழந்தையை இழந்த ஒரு வீடு, அதற்குப் பால் கொடுத்தவளைக் கல்லில் எழுதி வைத்திருக்கலாம். ஆர்ஜியா பொய் சொன்னதால் அது பதினேழு ஆண்டு அகராதியில் இருந்தது. உண்மை சொன்னதால் இல்லாமல் போனது. இதில் எது பெரிய தவறு என்று அவள் பல இரவுகள் யோசித்தாள்.

மறுநாள் காலை சுவரைப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்கு வந்தபோது, அதன்மேல் ஒரு சீட்டு கிடந்தது. ஃபோஸ்கோவின் கையெழுத்து. மூலையில் புள்ளி சுரண்டப்பட்டிருந்தது. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தான்: 'அறுபத்திரண்டு, ஜனவரி. அன்று காய்ச்சல். வாசலோடு திரும்பிவிட்டேன்.'

அவனைப் பார்த்தாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு தாள் அறுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் இரண்டு. வேறு கையெழுத்து; பின்பக்கம் எதுவும் எழுதவில்லை, புள்ளி மட்டும் இல்லை. அந்த வாரக் கடைசியில் ஏழு. எந்த நேரத்தில் யார் வைக்கிறார்கள் என்று அவள் பார்க்க முயலவில்லை. எல்லாரும் எப்போதும்போல வணக்கம் சொன்னார்கள், மதியம் ரொட்டி போட்ட சூப்பைச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள், புது வீட்டுக்கு அகராதியை எப்படி மாற்றுவது என்று பேசினார்கள். சீட்டுகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் பெரூஜா நகரிலிருந்து ஓர் உறை வந்தது. ஆறாண்டுக்கு முன் ஓய்வுபெற்றுப் போன ஒருவர் அனுப்பியது. உள்ளே வாழ்த்து இல்லை. பன்னிரண்டு சொற்களின் பட்டியல் மட்டும் இருந்தது.

ஆர்ஜியா அவற்றுக்குப் புதிதாக ஓர் இழுப்பறை ஒதுக்கினாள். அடையாளச் சீட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டாள். ஒவ்வொன்றையும் உரிய வரிசையில் அடுக்கினாள். எந்தச் சீட்டு வெளியே வந்தாலும் அதன்மேல் சாய்ந்திருந்த மற்றச் சீட்டுகளைத் தேடி எடுத்து, புள்ளிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட வேண்டியிருந்தது. அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. ஜனவரி நடுவில் இழுப்பறை நிறைந்தது. இன்னொன்றைக் காலி செய்தாள்.

மாதக் கடைசியில் ஒரு நாள். மூடுபனி சன்னல்வரை வந்து நின்றிருந்தது. சுவரில் கண்ணாடி உடையாமல் இருந்தது. இருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். மேசைக்கு வந்தாள். ஒரே ஒரு சீட்டு. பழுப்பேறி, ஓரம் மழுங்கிய பழைய சீட்டு, அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எழுதியது. அதன் கையெழுத்தை அடையாளம் காண அவளுக்கு இரண்டாம் பார்வை தேவைப்படவில்லை. முப்பத்திரண்டு ஆண்டாக அந்தக் கையெழுத்தில்தான் அவளுக்கு உத்தரவுகள் வந்தன. மூலையிலிருந்த புள்ளியைப் பிளேடால் வட்டமாக, ரொம்பச் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்.

அது முதிர்கன்னி அல்ல. அந்தச் சொல் நாலு கல்லில் இருந்ததாகச் சீட்டு சொன்னது. நாலுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து. நாற்பது சொற்களின் பொருள் அதன்மேல் நின்றது. அந்த நாற்பதின்மேல் எத்தனை நின்றன என்று யாரும் எண்ணியதில்லை.

இயக்குநரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. லியோனில்டே இன்னும் வரவில்லை. ஆர்ஜியா மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். சீட்டைக் கையில் எடுக்கவில்லை. அதன் இரு பக்கமும் உள்ளங்கைகளை மேசைமேல் ஊன்றிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, இழுப்பறைகளுக்குள்ளிருந்து மாவு சலிக்கும் ஓசை வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.